தட்டிப் பார்த்து வாங்கிய கிட்டார்

சந்தையில் மண்பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள். பானையை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி, ஒரு தட்டுத் தட்டிச் செவி கொடுத்துக் கேட்பார்கள். கீறல் விழுந்த பானை வெளியே எத்துணை அழகாக இருந்தாலும் அந்த ஒரு தட்டில் உண்மையைச் சொல்லிவிடும். வாத்தியம் வாங்குவதற்கும் விதி இதுவேதான். இதை நான் வெகு காலம் கழித்தே கற்றுக்கொண்டேன். அதுவும் காசைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண்டியின் ஐப்பசி மழையைப் பற்றி இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். நடுப்பகல் கழிந்ததும் ஹந்தானை மலை முகிலுக்குள் மறைந்துவிடும். அப்புறம் இடியும் மழையுமாக வாவிக்கரை வீதி முழுவதும் குடைகளின் ஊர்வலந்தான். அந்த மழையில் நனைந்துகொண்டு என் மருமகன் வந்து சேர்ந்தான். பின்னாலேயே அக்காவும் வந்தாள்.

"மாமா, இதைப் பாருங்கள்" என்று கைத்தொலைபேசியை நீட்டினான். அதில் செம்மஞ்சள் வர்ணத்தில், வயலினுக்கு இருப்பதுபோல் இரு பக்கமும் வளைந்த துவாரங்களோடு, ஒரு பெரிய மின்கிட்டார் மின்னிக்கொண்டிருந்தது.

"தம்பி, நீயே இவனுக்குச் சொல்லு. இரண்டரை வருஷம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு இருக்கிறது. அது போதாதாம். என் வளையலை வைத்துக் காசு எடுத்துத் தரட்டுமாம்!" என்றாள் அக்கா.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மகன் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதுதான் எனக்குப் பயத்தை உண்டாக்கிற்று. அந்த இரண்டு வளையல்களைத் தவிர அவளிடம் வேறு நகை கிடையாது.

மருமகன் வீண் செலவு செய்யும் பிள்ளை அல்லன். வாரநாள்களில் கணக்கு எழுதும் உத்தியோகம். வார இறுதியில் நான்கு பேர் கொண்ட ஒரு சிறு குழுவில் சேர்ந்து திருமண வீடுகளிலும் ஹோட்டல்களிலும் வாசிக்கிறான். அந்த வாலிபர்களுக்கு ரொக்கபிலி என்னும் இசையின்மேல் மோகம் பிறந்திருக்கிறது.

அது என்ன ரொக்கபிலி?

அமெரிக்காவின் தென்பகுதியில் 1950களின் நடுவில் தோன்றிய இசை அது. கறுப்பின மக்களின் புளூஸ் இசையும், மலைநாட்டு வெள்ளையரின் கிராமிய இசையும் ஒன்றாய்க் கலந்து பிறந்த குழந்தை. மலைக்கிராமத்தாரை அந்நாட்டார் 'ஹில்பில்லி' என்று ஏளனமாக அழைப்பதுண்டு. 'ரொக்' என்னும் சொல்லையும் அந்த ஏளனச் சொல்லின் வாலையும் ஒட்டிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

1954ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மெம்பிஸ் நகரின் சன் என்னும் சிறிய ஒலிப்பதிவு நிலையத்தில், எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயது வாலிபர் பாடினார். ஸ்கொட்டி மூர் மின்கிட்டார் வாசித்தார். பில் பிளாக் என்பவர் ஆளுயரப் பேஸ் வாத்தியத்தின் தந்திகளை இழுத்து அறைந்து தாளம் கொடுத்தார். மேளம் கிடையாது, மூவர்தாம். நிலையத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் இரண்டு ஒலிநாடா யந்திரங்களைப் பயன்படுத்தி, ஒவ்வோர் ஒலிக்கும் பின்னால் ஒரு செக்கனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நேரம் கழித்து ஓர் எதிரொலி வரும்படி செய்தார். குகைக்குள் கைதட்டினாற்போன்ற அந்த எதிரொலியே ரொக்கபிலியின் முத்திரை ஆயிற்று.

அக்காலத்தில் இவ்விசை நம் தீவுக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. 1950இல் ஆரம்பமான இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆசியாவெங்கும் கேட்டது. தமிழ் நேயர்கள் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்காகக் காத்திருந்ததுபோல், ஆங்கிலப் பாட்டுப் பிரியர்கள் வேர்னன் கொரேயாவின் குரலுக்காகக் காத்திருந்தார்கள். பின்னர் 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் மூலம் மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழிலே பொப்பிசை பாடி ஊரையே ஆட வைத்தார்கள். ஆகவே கிட்டார் நமக்கு அந்நியப் பொருள் அன்று. ஆனால் மருமகன் கேட்பது எல்லாரும் வாசிக்கும் கிட்டார் அன்று. உள்ளே வெற்றிடமுள்ள கிட்டார்.

வெற்றிடம் எதற்கு?

இன்று கடைகளில் அதிகமாகக் காணப்படும் மின்கிட்டார் ஒரே கனமான பலகை. அதன் தந்தி அதிர்ந்தால் மரம் அதிகமாக அதிராது. ரொக்கபிலிக்காரர் விரும்புவது வேறு. வீணையின் குடத்தையும் மிருதங்கத்தின் கட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். பலாமரத்தைக் குடைந்து வெற்றிடமாக்கிய பின்னரே அவற்றுக்கு நாதம் பிறக்கிறது. அதேபோல் இக்கிட்டாரில் தந்தியின் அதிர்வு பாலத்தின் வழியாக மேற்பலகைக்கு இறங்கி, உள்ளிருக்கும் காற்றையும் அசைக்கிறது. அடித்தவுடன் 'டொக்'கென்று திறந்து விரைவில் அடங்கும் மரத்தன்மையுள்ள ஒலி அதனால் கிடைக்கிறது. ஒவ்வொரு சுரமும் விரைவில் அடங்குவதால்தான் பின்னே வரும் எதிரொலி தெளிவாகக் கேட்கிறது.

இதில் மூன்று வகை உண்டு. முழுவதும் வெற்றிடமானது ஒன்று. நடுவே ஒரு மரக்கட்டை ஓடி, இரு பக்கங்களில் மட்டும் வெற்றிடம் உள்ளது மற்றொன்று; கிப்சன் ஸ்தாபனம் 1958இல் வெளியிட்ட ஈ.எஸ். 335 இதற்கு உதாரணம். வெளியே பலகைபோல் தோன்றி உள்ளே அறைகள் குடையப்பட்டிருப்பது மூன்றாவது. 1956இல் ஜீன் வின்சென்டின் குழுவில் கிளிஃப் கலப் வாசித்த கிரெட்ஸ்ச் டுவோ ஜெட் அத்தகையது. ஆகவே ரொக்கபிலி வாசிக்கப் பெரிய குடந்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முழு வெற்றிடத்துக்கு ஒரு குணக்கேடும் உண்டு. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் மேற்பலகையை அசைக்கும். பலகை தந்தியை அசைக்கும். தந்தி மறுபடியும் ஒலிபெருக்கியை எழுப்பும். இப்படியே சுற்றிச் சுற்றி வளர்ந்து, கடைசியில் ஊளையிட ஆரம்பித்துவிடும். சிறிய மண்டபத்தில், அளவான சத்தத்தில், ஒலிபெருக்கிக்கு நேரே நிற்காமல் சற்று விலகி நின்று வாசிப்பவர்களுக்கு இது தொல்லையாகாது. இடி முழக்கம்போல் வாசிக்க விரும்புகிறவர்கள் நடுக்கட்டை உள்ளதை வாங்குவதே புத்தி.

என் பழைய கதை

இவ்வளவும் சொன்ன பிறகு மருமகன், "மாமா, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அக்கா என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். அவளுக்குத் தெரியும்.

எனக்குப் பத்தொன்பது வயதில் இதேபோன்ற பைத்தியம் பிடித்திருந்தது. ஒருவரின் வீட்டில் விற்பனைக்கு இருந்த பழைய வெற்றிடக் கிட்டார் ஒன்றை, அதன் சிவப்பு வர்ணத்துக்காகவே வாங்கினேன். அப்பா அவருடைய சேமிப்பிலிருந்து பாதிப் பணம் கொடுத்தார். தட்டிப் பார்க்கவில்லை, உள்ளே பார்க்கவில்லை, விலை பேசவுமில்லை. அதை அறையின் வெளிச்சுவரில் சாய்த்து வைத்தேன். மலைச்சரிவை ஒட்டிய சுவர் அது, மழைக்காலத்தில் வியர்க்கும். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் பசை விட்டு முதுகுப்பலகை ஒரு பக்கம் வாய் பிளந்துவிட்டது. கழுத்து முன்னோக்கி வளைந்து, தந்திகள் விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. விறகு விலைக்கு விற்றேன். அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு இத்தனை ஆண்டுகள் ஞாபகம் இருந்திராது.

ஆகவே மருமகனிடம், "மூன்று கிட்டார் பார்ப்போம். மூன்றையும் பார்த்த பிறகும் இதே செம்மஞ்சள்தான் வேண்டும் என்றால் வளையலைப் பற்றிப் பேசலாம்" என்றேன்.

முதலாவது கிட்டார்

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டில், ஐரோப்பாவில் செய்த கிட்டார் ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் முதியவர், அன்பாக உபசரித்தார். வாத்தியத்தின் தோற்றமோ கண்ணைப் பறித்தது. மருமகன் இரண்டு சுரம் வாசித்ததுமே மயங்கிப் போனான்.

நான் சிறு கைவிளக்கையும் பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியையும் கொண்டு போயிருந்தேன். துவாரத்தின் வழியாக உள்ளே பார்த்தபோது, மேற்பலகையைத் தாங்கும் நீண்ட சட்டங்களில் ஒன்று விடுபட்டிருந்தது. விரலால் தட்டினேன். ஓரிடத்தில் முழக்கம், ஓரிடத்தில் 'கிரிக்' என்ற ஓசை. கழுத்தைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பார்த்தோம். உடலோடு சேருமிடத்தில் மேலெழும்பியிருந்தது. ஓரத்தைச் சுற்றி ஒட்டிய வெண்பட்டி பொடிந்துகொண்டிருந்தது. பழைய செலுலோயிட் பட்டிகளுக்கு வரும் வியாதி அது.

இது கிட்டாரின் குற்றம் அன்று. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். கிட்டார் செய்வோரோ 45 முதல் 55 சதவீதமே உகந்தது என்கிறார்கள். மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், வெயிலில் சுருங்கும். ஆண்டுதோறும் இந்த இழுபறி நடந்தால் எந்தப் பசைதான் தாங்கும்? பழுது பார்க்கக் கைதேர்ந்த ஒருவர் கிடைத்தாலும், கூலி வாத்தியத்தின் விலையை நெருங்கிவிடும். முதியவரிடம் உண்மையைச் சொல்லி விடைபெற்றோம். அவரும் வருந்தவில்லை.

இரண்டாவது கிட்டார்

படத்தில் பார்த்த செம்மஞ்சள் அழகி இதுவே. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பேராதனை வீதியை அடுத்த தம் வீட்டில் வைத்திருந்தார். கிரெட்ஸ்ச் ஸ்தாபனத்தாரின் 6120 என்னும் இலக்கத்தையுடையது.

இவ்விலக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1883இல் ஜேர்மனியிலிருந்து குடியேறிய ஒருவர் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஆரம்பித்த ஸ்தாபனம் அது. 1950களின் நடுவில், செட் அட்கின்ஸ் என்னும் வித்துவானின் பெயரைத் தாங்கி 6120 வெளிவந்தது. எடி கொக்ரன் என்ற வாலிபர் இதைத் தோளில் மாட்டிப் புகழ் பெற்றார். 1960 ஏப்ரலில் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் அவர் மாண்டபோது வயது இருபத்தொன்றுதான். இருபது ஆண்டு கழித்து பிரயன் செட்சர் 1959இல் செய்த பழைய 6120 ஒன்றோடு மேடையேறி, ரொக்கபிலிக்கு மறுவாழ்வு கொடுத்தார்.

கிட்டார் குற்றமற்றதுதான். தட்டினால் முழு முழக்கம். ஆனால் விலை? 2022ஆம் ஆண்டு நெருக்கடியில், சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களிலேயே 360 ரூபாவை எட்டியதை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு வெளிநாட்டு வாத்தியங்களின் கிரயம் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. வளையல் இரண்டையும் வைத்தாலும் கடன் மிஞ்சும்.

இன்னொன்றும் கவனித்தேன். அதனோடு சேர்த்து விற்கப்பட்ட ஒலிபெருக்கி அமெரிக்காவில் வாங்கியது. 120 வோல்ட்டுக்கு உரியது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். தகுந்த மின்மாற்றி இல்லாமல் செருகினால் ஒரு நொடியில் புகைந்துபோகும். வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பும் பொருள்களை வாங்குவோர் பின்புறத்தில் எழுதியிருக்கும் வோல்ட் அளவை முதலில் வாசிக்க வேண்டும்.

மருமகன் திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மூன்றாவது கிட்டார்

நகரத்தின் ஒரு சந்தில், சிறிய வாத்தியக் கடையில் மூன்றாவதைக் கண்டோம். மங்கிய பழுப்பு வர்ணம். ஆசியத் தொழிற்சாலையொன்றில் செய்தது. புகழ்பெற்ற பெயர் எதுவும் தலையில் இல்லை. மருமகன் முதலில் அதைக் கையில் எடுக்கவே விரும்பவில்லை.

"இது ஒட்டுப்பலகை மாமா" என்றான்.

"ஒட்டுப்பலகை என்றால் மட்டம் என்று யார் சொன்னது?" என்றேன். ஸ்கொட்டி மூர் 1954இல் எல்விசோடு வாசித்த கிப்சன் ஈ.எஸ். 295 ஒட்டிய மேப்பிள் பலகையால் ஆனதே. பெயர் பெற்ற 6120உம் அவ்வாறே. மெல்லிய தகடுகளை நார் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால், முழுமரப் பலகையைவிட அது ஈரத்தில் குறைவாகவே ஊதும், எளிதில் வெடிக்காது, ஊளையிடுவதும் குறைவு. முழுமரம் தனியே வாசிக்கையில் இனிமையானது என்பது உண்மை. ஆனால் மின்சாரத்தோடு, மேடையில், கண்டி மழையில் வாசிப்பவனுக்கு ஒட்டுப்பலகையே உற்ற நண்பன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தோம். இச்சோதனைகளை நேயர்களும் குறித்துக்கொள்ளலாம்.

கழுத்தை நேராகப் பார்த்தோம். மிகச் சிறிய குழிவு மட்டுமே இருந்தது. அது இருக்க வேண்டியதே. ஒவ்வொரு தந்தியையும் திறந்து வாசித்து, பின்னர் பன்னிரண்டாம் கட்டில் அழுத்தி வாசித்தோம். இரண்டும் ஒரே சுரத்தின் கீழ் மேல் ஸ்தாயியாக ஒலிக்க வேண்டும். ஒரு தந்தி சற்றுப் பிசகிற்று. இவ்வகைக் கிட்டாரில் பாலம் ஆணியடிக்கப்படாமல் தந்தியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பதுண்டு. ஆகவே அதை நூலளவு நகர்த்தியதும் சரியாயிற்று.

தந்தியின் அடியிலுள்ள 'பிக்அப்' என்னும் காந்தச் சுருள்களைப் பார்த்தோம். எஃகுத் தந்தி காந்தத்தின்மேல் அசையும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது; அதுவே ஒலிபெருக்கிக்குப் போகிறது. ஒற்றைச் சுருள் உள்ளது கூர்மையாக ஒலிக்கும்; ஆனால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். இரட்டைச் சுருள் அந்த இரைச்சலை அடக்கும். 1950களின் பிற்பகுதியில் ரே பட்ஸ் என்பவர் கிரெட்ஸ்ச் கிட்டாருக்காக அமைத்த இரட்டைச் சுருள், கூர்மையையும் இழக்காமல் இரைச்சலையும் அடக்கியதால் ரொக்கபிலிக்காரரின் விருப்பத்துக்குரியதாயிற்று. இக்கிட்டாரில் இருந்ததும் அந்த மாதிரியைப் பின்பற்றியதே.

கடைசியாக, வாலில் பொருத்திய பிக்ஸ்பி கைப்பிடி. போல் பிக்ஸ்பி என்னும் கலிபோர்னியாக்காரரின் பெயரால் வழங்குவது. மெல்ல அழுத்தினால் சுரம் அலைபோல் நடுங்கும். அழுத்தி விட்ட பிறகு சுருதி பழைய இடத்துக்கு வருகிறதா என்று பத்து முறை சோதித்தோம். எட்டு முறை வந்தது. தந்தி அழுந்தும் தலைப்பக்கக் காடிகளில் பென்சில் கரியைத் தடவச் சொன்னேன். பத்து முறையும் வந்தது. கடைக்காரர் சிரித்துவிட்டார்.

நான் முதுகுப்பலகையைத் தட்டினேன். எங்கும் ஒரே ஓசை.

மருமகன் கண்களை மூடிக்கொண்டு அரை மணி நேரம் வாசித்தான். நான் வேண்டுமென்றேதான் கண்ணை மூடச் சொன்னேன். திறந்தபோது வர்ணத்தைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மிச்சப் பணம்

சீட்டுக் காசில் கிட்டார் போக மிச்சம் இருந்தது. அதில் 230 வோல்ட்டுக்கு உரிய சிறிய ஒலிபெருக்கி ஒன்றும், எதிரொலி தரும் ஒரு காற்பெட்டியும் வாங்கினோம். சாம் பிலிப்ஸ் இரண்டு யந்திரங்களைக் கொண்டு செய்த வித்தையை இன்று உள்ளங்கையளவு பெட்டி செய்துவிடுகிறது. வெற்றிடக் கிட்டாருக்காக ஏங்கும் இளைஞர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது: ரொக்கபிலியின் நாதத்தில் பெரும் பங்கு அந்த எதிரொலிக்குத்தான்.

இன்னும் ஒரு செலவு செய்தோம். மின்பணியாளர் ஒருவரை அழைத்து, அக்கா வீட்டுச் செருகியின் பூமிக்கம்பியைச் சோதித்தோம். மின்கிட்டாரின் தந்திகள் அந்தப் பூமிக்கம்பியோடு தொடர்புள்ளவை. பழைய வீடுகளில் அக்கம்பி அறுந்திருந்தாலோ, மூன்று முனைச் செருகியில் ஒரு முனையை ஒடித்துவிட்டாலோ, பழுதான ஒலிபெருக்கியின் மின்சாரம் வாசிப்பவரின் விரலுக்கே வந்துவிடக்கூடும். அக்கா வீட்டில் கம்பி உண்மையாகவே விடுபட்டிருந்தது. அன்று அதைக் கண்டுபிடித்ததற்காகவே நான் கிட்டாருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பேணும் முறையும் சொல்லிக் கொடுத்தேன். வெளிச்சுவரில் சாய்க்கக் கூடாது. தகரக் கூரையின் கீழ் அலுமாரி உச்சியில் வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுப் போகக் கூடாது. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களை வைத்து, அவ்வப்போது மாற்ற வேண்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைக்க வேண்டும். தந்தி மாற்றும்போது எஃகு அல்லது நிக்கல் தந்தியே போட வேண்டும். வெண்கலத் தந்தியின் ஒலி காந்தத்துக்குச் சரியாக எட்டாது. நைலோன் தந்தி எட்டவே எட்டாது.

அன்று மாலை அக்கா வீட்டில் மறுபடியும் மழை. முன்னறையில் மருமகன் வாசித்தான். எதிரொலி சுவருக்குச் சுவர் தாவிற்று. அடுப்படியிலிருந்து அக்கா வந்து வாசற்படியில் நின்று கேட்டாள். பாட்டு முடிந்ததும், மகனிடமிருந்து கிட்டாரை வாங்கி, மடியில் கவிழ்த்து, சந்தையில் பானையைத் தட்டுவதுபோல் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அவள் கையில் வளையல்கள் இரண்டும் குலுங்கின.

"கீறல் இல்லை" என்றாள். பிறகு தேநீர் எடுத்து வர உள்ளே போனாள்.